பல துகள் அமைப்புகளின் குவாண்டம் ஃபேஸ்கள்: வேலூர்ப் பக்கம் எம்.எஸ்சி. படிப்பவர்களுக்கான கேள்வி-பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று இப்போது மூன்றாகப் பிரிந்திருக்கும் பழைய வேலூர் மாவட்டக் கல்லூரிகளில் இயற்பியல் படிப்பவர்கள், கடைசிப் பருவத்து புராஜெக்டுக்கு இந்தத் துறையை எடுக்கலாமா என்று யோசிக்கும்போது எழும் கேள்விகள் இங்கே உள்ளன. குவாண்டம் இயக்கவியலில் ஒரு தாள், அணிகளின் ஐகன் மதிப்பு, பைத்தானில் லூப் எழுதும் அளவுக்குப் பழக்கம் ஆகியவை இருந்தால் போதும். சமன்பாடுகளில் வரும் எழுத்துகளை ஜே, ஹெச், யு, டி என்று உச்சரிப்பிலேயே எழுதியிருக்கிறோம்.

ஃபேஸ் என்றால் அலையின் கட்டமா?

இல்லை. பனிக்கட்டி, நீர், ஆவி என்கிறோமே, அந்தப் பொருளில் வரும் ஃபேஸ். தமிழ்ப் பாடநூலில் அலைக்கு ‘கட்டம்’ என்று வைத்துவிட்டதால், குழப்பம் வராமலிருக்க இங்கே பொருளின் நிலைக்கு ஃபேஸ் என்றும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்கு நிலைமாற்றம் என்றும் எழுதுகிறோம்.

பனி உருகுவதற்குக் காரணம் வெப்பம். குவாண்டம் நிலைமாற்றத்தில் வெப்பத்துக்கு வேலையே இல்லை. வெப்பநிலையைச் சுழிக் கெல்வினில் வைத்துவிட்டு காந்தப்புலம், அழுத்தம், துகள்களுக்கு இடையிலான இடைவினை ஆகியவற்றில் ஒன்றை மெல்ல மாற்றுகிறோம். ஒரு குறிப்பிட்ட மதிப்பைத் (அதுதான் மாறுநிலைப் புள்ளி) தாண்டும்போது அடிநிலையின் குணமே மாறிவிடுகிறது. ஹாமில்டோனியனில் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு உறுப்புகள் இருப்பதும், அவற்றில் எது வெல்கிறது என்பதுமே மாற்றத்துக்குக் காரணம்.

சுழிக் கெல்வினை யாரும் எட்ட முடியாதே. பிறகு இந்தக் கணக்கு எதற்கு?

மாறுநிலைப் புள்ளியின் பாதிப்பு அந்தப் புள்ளியோடு நின்றுவிடாது. வெப்பநிலை ஏற ஏற அது விசிறிபோல விரிகிறது. அந்த விசிறிக்குள் பொருளின் மின்தடை, வெப்ப ஏற்புத்திறன் எல்லாம் சாதாரண உலோகத்தின் விதிகளை மீறலாம். சோதனையில் கையில் கிடைப்பது விசிறிதான். அதன் காம்பு எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குத்தான் சுழிக் கெல்வின் கணக்கு.

எந்த மாதிரியில் தொடங்குவது?

ஒரு பரிமாணக் குறுக்குப்புல ஐசிங் மாதிரியில். வேறு எதிலும் தொடங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. வரிசையாக நிற்கும் ஸ்பின்களில் பக்கத்துப் பக்கத்து இரண்டும் ஒரே திசையில் நிற்க விரும்புகின்றன (இணைவு, ஜே). குறுக்கே ஒரு காந்தப்புலம் அவற்றைப் புரட்டப் பார்க்கிறது (ஹெச்). ஜே பெரிதானால் காந்த ஒழுங்கு, ஹெச் பெரிதானால் ஒழுங்கின்மை. 1970இல் ஃபூட்டி இதைத் துல்லியமாகத் தீர்த்தார். மாறுநிலைப் புள்ளி ஹெச் = ஜே என்ற இடத்தில் இருக்கிறது. முடிவில்லாச் சங்கிலியில், ஒழுங்கற்ற பக்கத்தில் அடிநிலைக்கும் முதல் கிளர்வு நிலைக்கும் உள்ள ஆற்றல் இடைவெளி 2(ஹெச் − ஜே).

விடை தெரிந்த கணக்கை ஏன் போட வேண்டும் என்று கேட்பார்கள். தெரிந்த விடையை உங்கள் புரோகிராம் தராவிட்டால், தெரியாத விடையை அது தரும்போது எப்படி நம்புவது?

இங்கே எல்லாரும் விழும் ஒரு பள்ளம் உண்டு. மேலே சொன்னது பாலி அணிகளை வைத்து எழுதினால் வருவது. ஸ்பின் இயக்கிகளை (பாலி அணியில் பாதி) வைத்து எழுதினால் இணைவு உறுப்பு நாலில் ஒன்றாகவும் புல உறுப்பு இரண்டில் ஒன்றாகவும் சுருங்கும். மாறுநிலைப் புள்ளி ஹெச் = ஜே/2 என்று இடம்பெயரும். ‘என் கணக்கில் 0.5இல் மாறுகிறது, கட்டுரையில் 1 என்று இருக்கிறது’ என்று வருபவர்களில் பலருக்குக் காரணம் இதுதான். புரோகிராம் சரி, குறியீடுதான் வேறு.

எங்கள் லேப்டாப்பில் எத்தனை ஸ்பின் வரை போகலாம்?

ஒவ்வொரு ஸ்பின்னும் சேரச் சேர நிலைகளின் எண்ணிக்கை இரட்டிக்கும். 10 ஸ்பின்னுக்கு 1,024, 20க்கு 10,48,576, 30க்கு சுமார் 107 கோடி.

முழு அணியையும் நினைவகத்தில் வைத்து எல்லா ஐகன் மதிப்புகளையும் எடுப்பதானால் 14 ஸ்பின்னுக்கு அணி மட்டுமே 2 ஜிபி பிடிக்கும். 16 ஸ்பின்னுக்கு 34 ஜிபி. 8 ஜிபி லேப்டாப்பில் 13, மிஞ்சினால் 14, அதோடு சரி.

ஆனால் நமக்குத் தேவை அடியிலிருக்கும் நாலைந்து ஆற்றல்கள் மட்டுமே. அணியில் பெரும்பாலான இடம் சுழி. 20 ஸ்பின் ஐசிங் சங்கிலியில் ஒரு வரிசைக்கு 21 இடங்களில்தான் எண் இருக்கும். சுழியல்லாதவற்றை மட்டும் சேமித்து லான்சோஸ் முறையில் (அணியால் வெக்டரைத் திரும்பத் திரும்பப் பெருக்கி, ஸ்பெக்ட்ரத்தின் நுனியிலுள்ள சில ஐகன் மதிப்புகளை மட்டும் எடுக்கும் வழி) போனால் 20 ஸ்பின்னுக்கு 300 எம்பிக்குள் முடிந்துவிடும். 24 ஸ்பின்னுக்கு அணி 5 ஜிபியைத் தொடும். அதற்கு மேல் அணியைச் சேமிக்கக் கூடாது. அணி வெக்டரைப் பெருக்கும்போது என்ன வருமோ அதை அந்தந்த நேரத்தில் கணக்கிடும் சார்பு எழுத வேண்டும். 24 ஸ்பின் வெக்டர் ஒன்று 134 எம்பிதான்.

பைத்தானின் சைபை நூலகத்திலுள்ள லான்சோஸ் வகைச் சார்புக்கு நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், குறி பாராமல் எண்ணளவில் பெரிய ஐகன் மதிப்பைத் தேடும். இயற்கணித அளவில் சிறியது வேண்டும் என்ற தேர்வைக் கொடுக்க மறந்தால் ஸ்பெக்ட்ரத்தின் மேல்நுனியைப் பிடித்துக்கொண்டு வரலாம். லான்சோஸைச் சொந்தமாக எழுதினால் வேறொரு தொல்லை. சுற்றுகள் கூடும்போது வெக்டர்கள் செங்குத்தாக இருப்பதை இழந்து, ஒரே அடிநிலை ஆற்றல் இரண்டு மூன்று முறை தலைகாட்டும். அது வெறும் பேய் மதிப்பு; அதைப் பார்த்து அடிநிலை இரட்டை என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள்.

புரோகிராம் சரிதானா என்று எப்படிப் பார்ப்பது?

கையால் போடக்கூடிய கணக்கிலிருந்து மேலே வாருங்கள். ஜே = ஹெச் = 1 என்று வைத்துக்கொள்வோம்.

முனை திறந்த இரண்டு ஸ்பின்னுக்கு அடிநிலை ஆற்றல் −√5, அதாவது −2.236. வளையமாக மூடிய 8 ஸ்பின்னுக்கு ஒரு ஸ்பின்னுக்கான ஆற்றல் −1.2815, 16க்கு −1.2753; முடிவில்லாச் சங்கிலிக்கு −4/π = −1.2732. எண்கள் கீழிருந்து மேலே ஏறிப் போய் நிற்பதைக் கவனியுங்கள். இந்த எண்கள் மூன்றாம் தசமத்தில் பிசகினாலும் விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் வளையத்தை மூடும் கடைசிப் பிணைப்பு விடுபட்டிருக்கும்.

ஹைசன்பர்க் எதிர்காந்தச் சங்கிலிக்கு (ஸ்பின் இயக்கிகளில், இணைவு 1): இரண்டு ஸ்பின் −0.75; நாலு ஸ்பின் வளையம் மொத்தம் −2; முடிவில்லாச் சங்கிலியில் ஒரு ஸ்பின்னுக்கு ¼ − லாக் 2 = −0.4431 (இயல் மடக்கை). இந்தக் கடைசி எண் பெத்தே 1931இல் தந்த முறையிலிருந்து வருவது.

அடுத்த சோதனைக்கு நம் நாட்டுக் கணக்கு ஒன்று இருக்கிறது. 1969இல் மஜும்தாரும் கோஷும் எடுத்துக்கொண்ட சங்கிலியில் அடுத்த ஸ்பின்னோடு 1, அதற்கு அடுத்ததோடு ½ என இணைவு. அடிநிலை, ஸ்பின்கள் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து நிற்பது. ஆற்றல் ஒரு ஸ்பின்னுக்கு மிகச்சரியாக −3/8. 8 ஸ்பின் வளையத்துக்கு −3 வர வேண்டும், −2.99 கூடாது. இந்தச் சோதனையை நாலு ஸ்பின் வளையத்தில் செய்து ஏமாறுபவர்கள் உண்டு. அங்கே ஒரு ஸ்பின்னுக்கு இரண்டாவது அண்டை இடப்பக்கம் போனாலும் வலப்பக்கம் போனாலும் ஒரே ஸ்பின்தான். லூப் அந்தப் பிணைப்பை இரண்டு முறை எண்ணும். எந்த எண்ணிக்கையை வைத்திருக்கிறோம் என்று தெளிவில்லாமல் ஒப்பிட்டால் விடை பொருந்தாது.

மாறுநிலைப் புள்ளியை எங்கே என்று எப்படிச் சொல்வது?

புராஜெக்டின் உயிர்நாடி இது. ஒரே ஒரு நீளத்தில், உதாரணமாக 12 ஸ்பின்னில், ஆற்றலை வரைந்துவிட்டு ‘இங்கே வளைகிறது, ஆகவே இதுதான் நிலைமாற்றம்’ என்று எழுதினால் வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியிலேயே விழும். முடிவுள்ள வளையத்தில் கூர்மையான நிலைமாற்றமே கிடையாது. எல்லா வளைவும் வழவழப்பாகத்தான் இருக்கும். ஃபேஸ் என்பது நீளம் கூடும்போது எண் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதில்தான் தெரியும்.

செய்முறை: 6, 8, 10, 12, 14, 16 என்று ஆறு நீளங்கள். ஹெச்சை 0.5 முதல் 1.5 வரை 0.05 படியில் மாற்றுங்கள். ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு ஆற்றல்களின் இடைவெளியை நீளத்தால் பெருக்கி வரையுங்கள். ஒழுங்கற்ற பக்கத்தில் நீளத்தோடு இந்தப் பெருக்கல் ஏறும்; ஒழுங்குள்ள பக்கத்தில் சுழியை நோக்கி விழும்; மாறுநிலைப் புள்ளியில் மாறாமல் நிற்கும். அதனால் ஆறு கோடுகளும் ஹெச் = 1க்கு அருகே வெட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் பெருக்கலின் மதிப்பு 8 ஸ்பின்னுக்கு 1.5759, 16க்கு 1.5721, எல்லையில் π/2. பிறகு வெட்டுப்புள்ளியைச் சுற்றி 0.005 படியில் இன்னொரு முறை.

ஒழுங்குள்ள பக்கத்தில் ஓர் எச்சரிக்கை. அங்கே முதல் இடைவெளி நீளத்தோடு அடுக்குக்குறி வேகத்தில் சுருங்குகிறது. அதைப் பார்த்து ‘இந்த ஃபேஸுக்கு இடைவெளி இல்லை’ என்று எழுதுவது தவறு. மேல்நோக்கு, கீழ்நோக்கு என்ற இரண்டு காந்த நிலைகளும் கலந்து இரட்டை அடிநிலையாகின்றன, அவ்வளவுதான். உண்மையான இடைவெளி அந்த இரட்டைக்கு மேலே இருக்கிறது. அதனால்தான் குறைந்தது நாலு ஆற்றல்களாவது கேட்டு வாங்கச் சொல்கிறோம்.

காந்தமாக்கலைக் கணக்கிட்டால் எப்போதும் சுழி வருகிறதே?

வரத்தான் செய்யும். முடிவுள்ள அமைப்பின் அடிநிலை சமச்சீரை உடைக்காது. மேலும் கீழும் சமமாகக் கலந்து நிற்கும். காந்தமாக்கலின் இருமடியைக் கணக்கிட்டு, நீளத்தின் இருமடியால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தை எடுங்கள். சிறு புலம் ஒன்றைச் சங்கிலி நெடுக வைத்துத் தள்ளிப் பார்ப்பது இன்னொரு வழி. ஆனால் அங்கே முதலில் நீளத்தை முடிவிலிக்குக் கொண்டுபோய், பிறகு புலத்தைச் சுழியாக்க வேண்டும். வரிசையை மாற்றினால் மறுபடி சுழிதான்.

மாட் காப்பான், மீப்பாய்மம் என்று கேட்கிறோமே, அது என்ன?

போஸ்–ஹப்பார்டு மாதிரி. வேலூரிலிருந்து ஆற்காடு போகும் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். சீட்டுக்கு ஒருவர் என்று நிரம்பியிருக்கிறது. பக்கத்து சீட்டுக்கு நகர வேண்டுமானால் ஒருவர் மடியில் உட்கார வேண்டும், சண்டை வரும். சண்டையின் விலை யு, நகரும் ஆசை டி. யு பெரிதானால் யாரும் அசைய மாட்டார்கள்: மாட் காப்பான். டி பெரிதானால் சண்டையைப் பொருட்படுத்தாமல் எல்லாரும் எங்கும் பரவுவார்கள்: மீப்பாய்மம். பயணிகளை அடையாளம் தெரியும், போஸான்களைத் தெரியாது. உவமை அதோடு நின்றுவிடும்.

1989இல் ஃபிஷர் உள்ளிட்ட நால்வர் இதன் ஃபேஸ் வரைபடத்தைத் தந்தார்கள். 2002இல் மியூனிக்கில் கிரைனர், பிளாக், ஹேன்ஷ் குழுவினர் ரூபிடியம்-87 அணுக்களை லேசர் ஒளியால் ஆன அணிக்கோவையில் (லேட்டிஸ்) வைத்து நிலைமாற்றத்தைக் கண்ணால் காட்டினார்கள்.

லேப்டாப்பில் 8 இடம், 8 போஸான் என்றால் 6,435 நிலைகள்தான். 12க்கு 12 என்றால் 13,52,078, லான்சோஸுக்கு எளிது. துகள் எண்ணிக்கையை நிலையாக வைத்திருக்கும்போது மீப்பாய்மத்தின் ஒழுங்கு அளவுருவும் (ஒழுங்கு எவ்வளவு என்று காட்டும் எண்; ஐசிங்கில் அது காந்தமாக்கல்) மேலே சொன்ன அதே காரணத்தால் சுழியாகும். அதற்குப் பதில் ஒரு துகளைச் சேர்த்த ஆற்றல், ஒரு துகளை எடுத்த ஆற்றல் இரண்டையும் கூட்டி, நடு ஆற்றலின் இருமடங்கைக் கழியுங்கள். நீளம் கூடும்போது இது சுழிக்குப் போனால் மீப்பாய்மம், நின்றால் மாட் காப்பான்.

எண்ணிக்கையை நிலையாக வைக்காமல் ஓர் இடத்தில் இத்தனை போஸான்தான் என்று உச்சவரம்பு வைப்பதானால், 4 வைத்து ஒருமுறை, 5 வைத்து ஒருமுறை ஓட்டுங்கள். நாலாம் தசமம் மாறினால் வரம்பு போதவில்லை.

சராசரிப்புலக் கணக்கிலேயே விடை வருகிறதே, ஏன் இவ்வளவு பாடு?

சராசரிப்புலம் என்பது அண்டை இடங்களின் தாக்கத்தை அவற்றின் சராசரியால் மாற்றி எழுதும் கணக்கு. இடத்துக்கு ஒரு போஸான் என்ற நிலையில் அது சொல்வது: யு/டி மதிப்பு, அண்டை இடங்களின் எண்ணிக்கையைப் போல 5.83 மடங்கானால் மாற்றம். முப்பரிமாணக் கனசதுர அணிக்கோவையில் அது 35. துல்லியமான மான்டி கார்லோ (தற்செயல் எண்களால் மாதிரியெடுக்கும்) கணக்கில் 29.3. இருபரிமாணச் சதுரத்தில் 23.3, உண்மையில் 16.7. ஒரு பரிமாணத்தில் 11.7, உண்மையில் 3.3க்கு அருகே. பரிமாணம் குறையக் குறைய பொய் பெரிதாகிறது. அண்டை குறைந்தால் சராசரி என்பதற்கே பொருளில்லாமல் போகிறது.

அதற்காகத் தூக்கி எறிய வேண்டாம். எந்தப் பக்கம் எந்த ஃபேஸ் என்று ஒரு மாலையில் சொல்லிவிடும். முதல் வாரம் அதைச் செய்யுங்கள். ஒரு பரிமாணத்து 3.3க்குக் கூட இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே இடைவெளி மிக மெதுவாக மூடுவதால் சிறிய வளையங்கள் தரும் மதிப்பு நெடுந்தூரம் விலகியிருக்கும். ஐசிங்கைப் போல அழகான வெட்டுப்புள்ளியை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

நூறு ஸ்பின் வேண்டுமானால்?

டிஎம்ஆர்ஜி (டென்சிட்டி மேட்ரிக்ஸ் ரீநார்மலைசேஷன் குரூப்) என்ற முறை. 1992இல் ஸ்டீவ் வைட் கொண்டுவந்தது. இடைவெளியுள்ள ஒரு பரிமாண அடிநிலையில் சங்கிலியின் இரண்டு பாதிகளுக்கு இடையிலான குவாண்டம் பின்னல் (என்டாங்கிள்மென்ட்) நீளத்தோடு வளர்வதில்லை. அதனால் நிலையைச் சிறுசிறு அணிகளின் பெருக்கலாக எழுதலாம். 100 ஸ்பின், அணியின் அளவு 400 என்றால் சுமார் 256 எம்பி. முழு வெக்டரானால், அதிலுள்ள எண்களின் எண்ணிக்கையே 31 இலக்கம் வரும்.

சொந்தமாக எழுதாதீர்கள், ஒரு பருவம் போதாது. ஜூலியாவில் ஐடென்சர், பைத்தானில் டென்பை இரண்டும் இலவசம். இங்கே முனை திறந்த சங்கிலியே நல்லது. வளையத்தில் பின்னல் இருமடங்காகும். அணி அளவை 50, 100, 200, 400 என்று ஏற்றி ஆற்றல் நிற்கிறதா என்று பாருங்கள். மாறுநிலைப் புள்ளியில் பின்னல் நீளத்தின் மடக்கையாக வளரும். அங்கே மட்டும் அளவு கூடுதலாக வேண்டும். ஆற்றல் இறங்காமல் ஓரிடத்தில் சிக்கிக்கொள்வதும் உண்டு. எல்லா ஸ்பின்னும் மேல்நோக்கி இருக்கும் நிலையில் தொடங்கினால், மொத்த ஸ்பின் மாறாத மாதிரிகளில் அங்கேயே நிற்கும். மேல்-கீழ் மாறிமாறி நிற்கும் நிலையில் தொடங்கி, முதல் சில சுற்றுகளில் கொஞ்சம் இரைச்சல் சேருங்கள்.

இருபரிமாணத்துக்குக் குவாண்டம் மான்டி கார்லோ?

போஸானுக்கும் முக்கோணம் இல்லாத எதிர்காந்தத்துக்கும் அருமையாக வேலை செய்யும். ஃபெர்மியான்களிலும் முக்கோண அணிக்கோவையின் எதிர்காந்தத்திலும் நிகழ்தகவாக இருக்க வேண்டிய எடைகள் எதிர்மறையாகி, கூட்டியும் கழித்தும் மிஞ்சுவது இரைச்சல் மட்டுமே. இதற்குக் குறிச் சிக்கல் என்று பெயர். பொதுவான தீர்வு காண்பது என்பி-கடினம் (வேகமான வழி எதுவும் தெரியாத கணக்கு வகை) என்று 2005இல் டிரோயர், வீசே காட்டினார்கள். புராஜெக்டில் அதை வெல்லப் போகிறோம் என்று எழுதாதீர்கள்.

ஒழுங்கு அளவுருவே இல்லாத ஃபேஸ்களும் உண்டாமே?

உண்டு. 1982இல் கண்டுபிடிக்கப்பட்ட பின்ன குவாண்டம் ஹால் விளைவு அந்த வகை. ஆண்டர்சன் 1973இல் முன்வைத்த ஸ்பின் திரவக் கருத்தும் (சுழிக் கெல்வினிலும் ஸ்பின்கள் காந்த ஒழுங்குக்கு வராத நிலை) அப்படியே. அதை உயர்வெப்ப மீக்கடத்திகளுக்குக் கொண்டுபோன 1987 கட்டுரைகளில் ஒன்றில் ஆண்டர்சனோடு எழுதியவர், பின்னர் சென்னை தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய ஜி. பாஸ்கரன்.

லேப்டாப்பில் தொடக்கூடியது ஹால்டேன் சங்கிலி: ஸ்பின்-1 எதிர்காந்தம். 1983இல் ஹால்டேன் சொன்னபடி அதற்கு ஆற்றல் இடைவெளி உண்டு, அளவு 0.41 மடங்கு ஜே. முனை திறந்த சங்கிலியில் இதைத் தேடினால் இடைவெளி காணாமல் போகும். இரண்டு முனைகளிலும் அரை ஸ்பின் ஒன்று ஒட்டிக்கொண்டு, நாலு நிலைகள் அடியில் ஒன்றாகக் கிடக்கும். மொத்த ஸ்பின் கூறு 1 உள்ள பிரிவின் அடி ஆற்றலை 2 உள்ள பிரிவின் அடி ஆற்றலிலிருந்து கழித்தால் 0.41 வரும். முனையில் அரை ஸ்பின் இருப்பது பிழை இல்லை. அந்த ஃபேஸின் அடையாளமே அதுதான்.

நிஜப் பொருளில் ஐசிங் மாற்றத்தைப் பார்த்திருக்கிறார்களா?

லித்தியம் ஹோல்மியம் ஃபுளோரைடில் 1996இல், சுமார் 5 டெஸ்லா குறுக்குப்புலத்தில். கோபால்ட் நயோபேட்டில் 2010இல். அங்கே மாறுநிலைப் புள்ளி 5.5 டெஸ்லா. அதன் அருகே முதல் இரண்டு கிளர்வு ஆற்றல்களின் விகிதம் பொன் விகிதமான 1.618ஐ நெருங்கியது. கோட்பாடு இருபது ஆண்டுக்கு முன்பே சொன்ன எண் அது.

தமிழ்வழியில் படித்தோம். எங்கே போய்க் கற்பது?

கட்டுரைகள் ஆங்கிலத்தில்தான். ஆனால் சமன்பாடும் வரைபடமும்தான் அவற்றில் பாதி. முதல் பத்துக் கட்டுரைக்குப் பிறகு அதே இருநூறு சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். ஆர்க்கைவ் தளத்தில் காசில்லாமல் படிக்கலாம். என்பிடெல் பாடங்களும் பெங்களூரு ஐசிடிஎஸ் (சர்வதேசக் கோட்பாட்டு அறிவியல் மையம்) விரிவுரைகளும் யூடியூபில் உள்ளன.

காட்பாடி ஜங்ஷன் இங்கே பெரிய வசதி. கிழக்கே சுமார் 130 கி.மீ.யில் சென்னையின் ஐஐடியும் தரமணி நிறுவனமும். மேற்கே அதே தடத்தில் பெங்களூரின் ஐஐஎஸ்சி, ஐசிடிஎஸ். திறந்த கருத்தரங்கு இருந்தால் காலையில் ரயிலேறிப் போய் இரவு திரும்பலாம். முனைவர் படிப்புக்கு ஜெஸ்ட், நெட், கேட் தேர்வுகள் வழி.

மே மாதத்தில் லேப்டாப் படுத்துவிடுகிறது, என்ன செய்வது?

அக்னி நட்சத்திர வெயிலில் அறை 38 டிகிரி இருந்தால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காலையில் பத்து நிமிடத்தில் முடிந்த 20 ஸ்பின் கணக்கு மதியம் இருமடங்கு நேரம் எடுத்தால் புரோகிராமைத் திருத்த உட்காராதீர்கள். நீண்ட ஓட்டங்களை இரவு பத்துக்கு மேல் விடுங்கள். அடியில் இரண்டு புத்தகம் வைத்துக் காற்றுப் போக வழி செய்யுங்கள்.

மின்தடைக்கு ஒரே மருந்து, ஹெச்சின் ஒவ்வொரு மதிப்பும் முடிந்தவுடன் விடையைக் கோப்பில் எழுதிவிடுவது. எல்லாம் முடிந்தபின் சேமிக்கலாம் என்று லூப்புக்கு வெளியே அந்த வரியை வைத்தால் 19ஆவது புள்ளியில் கரண்ட் போகும். கோப்பின் முதல் வரியில் நீளம், எல்லை வளையமா திறந்ததா, பாலி அணியா ஸ்பின் இயக்கியா என்ற மூன்றையும் எழுதுங்கள். ஜூனில் வரைபடம் போட உட்காரும்போது, 0.5இல் வெட்டும் கோடு எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று அந்த வரியைப் பார்த்துத்தான் தெரியும்.